சொல்லாத கேதம்

இடது பக்கம் பார் என்று நயினார் கையை நீட்டியதும் செண்பகவல்லி வலது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் ஒன்றுமில்லை. ஒரு கல்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஈரப் புல், புல்லில் படுத்து அசைபோடுகிற நாலு மாடு. இருக்கட்டும். காலையில் வாடகை சைக்கிளின் சீட்டை அவர் குனிந்து அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தபோதே முடிவாகிவிட்டது, இந்த மனுஷன் காட்டுகிற திசையில் இன்றைக்கு எதையும் பார்ப்பதில்லை என்று. இடது பக்கம் ஆறு கூடவே வருகிறது, அது பார்க்காமலே தெரிகிறது, சத்தம் கேட்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ரயில் ஓடிய பாதையாம் இது. ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கி, தார் போட்டு, சைக்கிள்காரர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். பதினோரு கிலோமீட்டர் போனால் ஒரு இடிந்த மடம், பதினோரு கிலோமீட்டர் திரும்பினால் காரை நிறுத்திய இடம். "வெளிய போயிட்டு வந்தா மனசு கொஞ்சம் மாறும் வல்லி" என்று முந்தாநாள் சொன்னார். மாறுமாம். அயர்லாந்துக்கு வந்த ஆறு வருஷத்தில் இந்த நாட்டில் இடிந்து நிற்கிற சுவர் ஒன்று பாக்கியில்லாமல் போய்ப் பார்த்த ஆள். வழியில் எந்தப் பலகையைக் கண்டாலும் இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிப்பார், அவளுக்கு என்னமோ எழுத்துத் தெரியாத மாதிரி. எந்த மடத்தை எந்த வருஷம் யார் கொளுத்தினார்கள், எத்தனை சாமியார்கள் ஓடினார்கள், எல்லாம் சொல்லியாக வேண்டும் அவருக்கு. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களைப் பற்றியெல்லாம் சொல்ல வாய் இருக்கிறது. மஞ்சள் ஜாக்கெட் போட்ட முதுகு முன்னால் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிற முதுகு. அந்தப் புதன்கிழமை காலையிலும் இந்த முதுகைத்தான் பார்த்தாள், அடுப்படி ஜன்னல் பக்கம் திரும்பி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, தோளை ஒடுக்கிக்கொண்டு நின்ற முதுகு. யாரு என்று கேட்டாள். "வேலைல இருந்துதான், ஷிப்ட் மாத்துதாங்க" என்றார். அவளும் சரி என்று பல் தேய்க்கப் போய்விட்டாள்.

பல் தேய்த்தாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பல் தேய்த்து, தலை சீவி, பொட்டு வைத்து, கண்ணாடியில் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அந்த நேரம் சங்கரன்கோவிலில் அம்மாவின் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். அண்ணன் கோமதிநாயகம் இவரைக் கூப்பிட்டது இங்கே ஆறேகாலுக்கு, ஊரில் பத்தேமுக்கால், அம்மா போய் முக்கால் மணிநேரம். இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து போனிலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள். நாளைக்கும் மறுநாளும் அவளுக்குப் பரீட்சை. இந்த நாட்டில் நர்ஸ் என்று பதிந்துகொள்வதற்கான பரீட்சை, ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டது. ஊரில் பதினோரு வருஷம் ஊசி போட்ட கை இங்கே முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறது. இப்போது சொன்னால் எழுத மாட்டாள், புறப்பட்டு வந்தாலும் முகம் பார்க்கக் கிடைக்காது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம். என்ன ஒரு கரிசனம். ஏன் கிடைக்காது? ஐஸ் பெட்டியில் ஒரு நாள் கூட வைத்திருந்தால் கிடைத்திருக்கும். எதிர்வீட்டுத் தாத்தாவை மகன் குவைத்திலிருந்து வருகிற வரைக்கும் இரண்டு நாள் வைத்திருந்தார்களே. மகன் என்றால் வைத்திருப்பார்கள். மகள் பரீட்சை எழுதட்டும். எழுதினாள். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து கோழிக்கறி வைத்தாள், மூளைக்குத் தெம்பு வேண்டுமே என்று. மிளகு நுணுக்கிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு. சுழற்றிச் சுழற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது நினைப்பு, எந்த வழியாகப் போனாலும் அந்தச் சாப்பாட்டு மேஜைதான். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள். அவர் தட்டில் விழுந்த ஈரலை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "இந்தா, நீ தின்னு, உனக்குத்தான் பிடிக்கும்." அவள் சிரித்தாள். அம்மா நடுவீட்டில் பெட்டிக்குள் கிடக்க, மகள் ஈரல் தின்றுவிட்டுச் சிரித்தாள். சாவு விழுந்த சேதி காதில் விழுந்தால் அடுப்பை அணைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீரோடு கிடக்க வேண்டிய நாள் அது. காதில் விழாத வரைக்கும் தீட்டில்லை என்று வேண்டுமானால் ஐயர் சொல்வார். இவர் காதில் விழுந்திருந்ததே. இவருக்குத் தெரியுமே. தெரிந்துகொண்டே அந்தத் துண்டைத் தேடி எடுத்து வைத்தாரே.

"வல்லி, மடம் வந்தாச்சு" என்றார். வந்திருந்தது. கூரை இல்லாத சுவர்கள், ஜன்னல் இருந்த இடத்தில் ஆகாயம், உள்ளே புல்லும் சாய்ந்த கல்லறைக் கற்களும். வாசலில் பலகை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பதிமூணாம் நூற்றாண்டுல கட்டுனதாம். ரெண்டு தடவை எரிஞ்சிருக்கு. பாரு, இங்க போட்டிருக்கான், சாமியார் ஒருத்தர் செத்தா மடத்து மணியை அடிப்பாங்களாம். அஞ்சு மைலுக்குக் கேக்குமாம்."

ஐந்து மைலுக்கு.

"போட்டோ எடுக்கட்டா?"

"மழை வருமா?"

"வராது. போன்ல பாத்தேன்."

வராது என்கிறார். வரும் என்று போட்டிருந்தாலும் வராது என்றுதான் சொல்வார், நனைந்துவிடுவோமே என்று அவள் கவலைப்படுவாளோ என்று. அதுதான் இப்போது பயம், கோபத்துக்கு அடியில் சுருண்டு கிடக்கிற பயம். இந்த வாய் இனிமேல் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்குமே. நல்லா இருக்கேன் என்றால் நல்லா இருக்கிறாரா? போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனை சரி என்றாரே, சரிதானா? அம்மா கடைசியில் கஷ்டப்படவே இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்கிறார்களே, காலை பத்து மணிக்கு என்ன தூக்கம்? கடைசி நேரத்தில் அம்மா அவளைக் கேட்டிருந்தால்? கேட்டிருப்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள். அதையும் மறைத்துவிட்டார்கள், அவள் மனசு நோகக்கூடாதே. அவள் மனசை ஆளாளுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள், அவள் கையில் கொடுக்க மட்டும் ஒருத்தருக்கும் மனசில்லை. வெள்ளிக்கிழமை சொன்ன லட்சணத்தைத்தான் பார்க்க வேண்டும். பரீட்சை நடந்த இடத்துக்குக் காரில் வந்தார், எப்படி எழுதினாய் என்று கேட்டார், வீட்டுக்குக் கூட்டி வந்தார், டீ போட்டுக் கொடுத்தார், குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார், பிறகு அண்ணனைக் கூப்பிட்டு போனை அவள் கையில் திணித்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டும்மா. நேத்தே எடுத்தாச்சு" என்றான் அண்ணன். "என்னத்தண்ணே எடுத்தாச்சு?" என்று கேட்டாள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அந்தப் பக்கம் மதினி அழ ஆரம்பித்தாள், அதை வைத்து அவளாகவே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தன் அம்மா செத்ததை ஒருத்தி விடுகதை மாதிரி விடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று வரைக்கும், இருபத்தைந்து நாளாக, உன் அம்மா செத்துவிட்டாள் என்று ஒரு வாய் அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை. அண்ணன் எடுத்தாச்சு என்றான். இவர் எல்லாம் தெரிஞ்சதுதானே என்கிற மாதிரி ஈரத் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைக்குக் குளிச்சிரு என்றார். முடியாது என்றாள். செத்த அன்றைக்குக் குளிக்காதவள் எரித்த பிறகு எதற்குக் குளிக்க வேண்டும்? அதற்குப் பிறகு எத்தனையோ நாள் குளித்தாள், தலையும் அலசினாள், அம்மாவுக்கென்று ஒரு முழுக்கு மட்டும் முழுகவில்லை. அழவும் இல்லை. பதினாறாம் நாளுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று இவர் கேட்டபோதும் வேண்டாம் என்றாள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டு, கடைசியாகத் தெரிந்துகொண்ட மகள் என்று அங்கே போய் நிற்பதற்கா?

திரும்புகிற வழியில் காற்று எதிர்த்து வந்தது. பாதையின் இரண்டு பக்கமும் முள்மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் குமிந்து கிடந்தன, மே மாசத்தில் இந்த ஊர் இப்படித்தான், பார்க்கப் பார்க்க அலுக்காது, அதுவும் இன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கேதம் என்பார்கள் அவள் ஊரில் சாவுச் சேதியை. கேதம் சொல்லப் போயிருக்கிறான், கேதத்துக்குப் போகணும். அண்ணனோடு பேசி முடித்த அன்றைக்கு அவளும் கேதம் சொல்லத்தான் போனை எடுத்தாள். யாரிடமாவது சொன்னால்தான் அது நடந்ததாக ஆகும் என்று தோன்றியது. சித்தியைக் கூப்பிட்டாள். சித்தி எடுத்ததுமே, "இப்பதான் சொன்னாங்களா தாயி?" என்றாள். கூடப் படித்த மல்லிகாவைக் கூப்பிட்டாள். மல்லிகா எடுத்ததுக்கே போயிருந்தாளாம். கடைசியில் வேலை செய்யும் இல்லத்தில் கூட இருக்கும் கேரளத்துப் பெண்ணிடம் சொன்னாள், அவளுக்கும் இவர் புதன்கிழமையே சொல்லி, பரீட்சை முடிகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் ஒரு ஆள் பாக்கியில்லை. பெற்ற மகளுக்குச் சொல்ல ஒரு ஆள் மிச்சம் வைக்கவில்லை. அவளுக்குச் சொல்லாதது ஒரு குற்றம் என்றால், அவள் சொல்ல வழியில்லாமல் செய்தது இன்னொரு குற்றம், இரண்டாவதுதான் இப்போது பெரிசாக இருந்தது. பரீட்சையில் தேறிவிட்டாள், அதுதான் கொடுமை. "பாத்தியா, பாஸாயிட்டேல்லா" என்றான் அண்ணன், தான் செய்தது சரி என்று ரசீது கிடைத்துவிட்ட குரலில். அந்தத் தேர்ச்சியை வைத்துத்தான் வடக்கே நாலு மணிநேரத் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வந்திருக்கிறது, தங்க ஓர் அறையும் தருகிறார்கள், ஒருத்தருக்கான அறை. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். நாளைக்குத் திங்கட்கிழமை. இவர் இன்றைக்கு ஒரு நாளாவது வாயைத் திறந்து, ஆமாம் நான் சொல்லவில்லை என்று சொல்வாரா என்று பார்ப்பது, சொல்லாவிட்டால் வருகிறேன் என்று எழுதிவிடுவது. அதற்குத்தான் சைக்கிள் ஏறினாள், சாமியார் மடம் பார்க்க இல்லை. பதினைந்து கிலோமீட்டர் முடிந்துவிட்டது. மடம், மணி, எரிந்த கூரை, அழிந்துபோன ஏதோ ஒரு கொக்கு, எல்லாம் சொல்லிவிட்டார். இன்னும் ஏழுதான் மிச்சம்.

வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் பண்ணை வீடு. சுவரின் மேல் தேன் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஆற்றுக்குப் போகிற சரிவில் ஐந்து தேன்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு நாடா கட்டியிருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள், ப்ரீடா என்று பெயர் சொன்னாள். நயினார் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய ஆர்வத்தோடு, நாடா அழகாக இருக்கிறது, ஏதாவது திருவிழாவா என்று கேட்டார்.

"இல்லை" என்றாள் ப்ரீடா. "என் மாமனார் வியாழக்கிழமை இறந்துட்டார். நேத்துதான் அடக்கம்."

நயினார் மன்னிப்பு மேல் மன்னிப்பாகக் கேட்டார். அவள் கையை அசைத்தாள். "பரவாயில்லை. வயசானவர்தான். இவங்களுக்கும் சொல்லியாச்சு."

"யாருக்கு?" என்றாள் செண்பகவல்லி. கிளம்பியதிலிருந்து மழையைப் பற்றி அல்லாமல் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

"தேனீக்களுக்கு. வீட்டுல ஒருத்தர் இறந்தா யாராவது வந்து வீட்டுச் சாவியால பெட்டியை மூணு தட்டு தட்டிச் சொல்லணும். யாரு, என்னைக்குன்னு. எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம்."

"சொல்லலேன்னா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிடும். ஒரு நாள் வந்து பார்த்தா பெட்டி காலியா இருக்கும்."

"சுவாரசியமா இருக்கே" என்றார் நயினார். "இதைப் பத்திப் பலகை எதுவும் வைக்கலையா?"

அவ்வளவுதான். பூச்சிக்குச் சொல்லியிருக்கிறார்கள். பூவுக்குப் பூ அலைகிற, ஒரு வேளை அடுத்த மாசம் உயிரோடு இருக்காத பூச்சிக்கு, அது என்ன பரீட்சை எழுதப் போகிறது, அதன் மனசு தாங்குமா தாங்காதா என்று யோசிக்காமல், கதவைத் தட்டி மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். செண்பகவல்லி சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். ப்ரீடாவிடம் ஆங்கிலத்தில், எங்கள் வீட்டிலும் ஒரு சாவு, இவர் சொல்லலாமா என்று கேட்டாள். ப்ரீடா அவள் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரின் சின்னக் கதவைத் திறந்துவிட்டாள்.

"இந்தாங்க" என்று சாவியை நீட்டினாள். "தட்டிச் சொல்லுங்க."

"ஏ, என்ன இது, வெளி ஆளுக முன்னால" என்றார் தாழ்ந்த குரலில்.

"என்கிட்ட வாய் வரலேல்லா? பெட்டிகிட்டச் சொல்லுங்க. அதுக்கு மனசு நோகாது. நோகுமோன்னு நீங்க பயப்பட வேண்டாம்."

சாவியை வாங்கினார். ஹெல்மெட்டோடு குனிந்து கடைசிப் பெட்டியை மூன்று தட்டுத் தட்டினார். உள்ளே இரைச்சல் ஒரு நொடி உயர்ந்து அடங்கியது.

"அத்தை... நம்மள எல்லாம் விட்டுட்டு..."

"பேரு."

"ஆவுடையம்மாள்."

"நாளு."

"புதன்கிழமை. காலைல பத்து மணிக்கு."

"என்ன ஆச்சு புதன்கிழமை?"

மஞ்சள் முதுகு இன்னும் கொஞ்சம் குனிந்தது. கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. பலகையில் இருந்தால் கடகடவென்று வாசித்திருப்பார்.

"செத்துட்டாங்க" என்றார்.

"இப்பத் திரும்பி நின்னு என்கிட்டச் சொல்லுங்க."

திரும்பினார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, கழற்றத் தோன்றவில்லை அவருக்கு. "வல்லி, உங்க அம்மா செத்துட்டாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். உங்கண்ணன்தான் சொல்லாதீங்கன்னாருன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். நானும்தான் சொன்னேன், வேண்டாம்னு. எனக்குச் சொல்லப் பயமா இருந்துச்சு. பரீட்சைன்னது வசதியாப் போச்சு."

அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருபத்தைந்து நாளாக வரிசையில் நின்றிருந்தன. முதலில் நின்றதை எடுத்தாள்.

"என்னைக் கேட்டாங்களா?"

அவர் வாய் வழக்கம்போல இல்லை என்பதற்குத் திறந்தது, அதை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டது.

"கேட்டாங்களாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்கும்போது. வல்லி போன் பண்ணலியா, வல்லி போன் பண்ணலியான்னு ரெண்டு தடவை. நீ படிச்சிட்டிருப்பேன்னு மதினி சொன்னாங்களாம்."

அங்கே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றால் இங்கே மத்தியானம், அவள் படித்துக்கொண்டிருக்கவில்லை. இல்லத்தில் ஒரு கிழவியின் கால் நகத்தை வெட்டி விட்டுக்கொண்டிருந்தாள். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அண்ணன் ஒரு தடவை அடித்திருந்தால் எடுத்திருப்பாள். அவள் தலையை ஆட்டினாள், சரி, இப்போது முழுசாக வந்துவிட்டது, எதையும் வெட்டாமல் வந்துவிட்டது என்கிற மாதிரி. ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றினாள். ஜாக்கெட்டைப் புல்லில் போட்டாள். சரிவில் இறங்கி ஆற்றை நோக்கி நடந்தாள்.

"தண்ணி ரொம்பக் குளிருமே" என்றாள் ப்ரீடா, தடுக்கிற குரலில் இல்லை. பிறகு, "துண்டு எடுத்துட்டு வரேன்" என்று வீட்டுப் பக்கம் போனாள்.

தண்ணீர் கணுக்காலைக் கத்தியால் அறுத்தது. முழங்கால், இடுப்பு. கல் வழுக்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுக்குப் போட்டாள். காதுக்குள் ஆறு அடைத்துக்கொண்டது. இரண்டாவது முழுக்கில் எழுந்தபோது வாயிலிருந்து அம்மா என்று ஒன்று புறப்பட்டது, அது குளிரில் வந்ததா, எதில் வந்தது என்று தெரியவில்லை, ஆனால் நிறுத்த முடியவில்லை. ஊரில் நடுவீட்டில், பெண்களோடு பெண்களாகத் தோளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டியதைப் பெயர் தெரியாத ஆற்றில் தனியாக நின்று அழுதாள். அக்கரையில் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மூன்றாவது முழுக்கைப் போட்டுவிட்டு முகத்தை வழித்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்கும் கோபம் வந்தது.

"நீங்களும் இறங்குங்க."

"நானா?"

"மருமகன்தான? அன்னைக்கு நீங்களும்தான கறி தின்னிய."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து உள்ளே செருகி, கண்ணாடியை அதன் மேல் வைத்தார். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் அங்கும் இங்கும் பார்த்துவிட்டுப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் வந்ததும் உடம்பு நடுங்கியது. அவள் கை கொடுக்கவில்லை. ஒரு முழுக்குப் போட்டு எழுந்தவர் தாடை கிடுகிடுவென்று ஆட, சாவியைப் பிடித்திருந்த பல்லுக்கு இடையில் ஏதோ சொல்லிக்கொண்டு கரைப் பக்கம் திரும்பினார். நாளைக்கு என்ன எழுதப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணுதான் ஆயிருக்கு" என்றாள் செண்பகவல்லி. "இன்னும் ரெண்டு."